நாலரை இஞ்ச் சுவர்

ஆயுத பூஜையன்று எங்கள் தெருவில் நாற்பத்து மூன்று வீடுகளை இருட்டாக்கியது நான்தான். அதற்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு கை சந்தனம்.

வீட்டில் இயந்திரம் என்று ஒன்று இருந்து, அதற்கு அன்றைக்குப் பொட்டு வைக்காமல் விடுகிற ஆளைக் கோயமுத்தூரில் பார்க்க முடியாது. பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருஷம் டெஸ்டிங் பிரிவில் இருந்தவன் நான். மோட்டாருக்கு முகம் எந்தப் பக்கம் என்று யோசிக்காமலே பொட்டு வைத்துப் பழகிய கை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, வீட்டின் பின்னறையில் சொந்தமாக ஓர் அணுக்கரு இணைவு உலை கட்டிய பிறகு, அதற்கு மட்டும் வைக்காமல் இருப்பேனா? எஃகு உருண்டைக்கு மூன்று பட்டை விபூதி. உள்ளே எட்டிப் பார்க்கிற கண்ணாடிச் சில்லுக்கு மேலே குங்குமம். உச்சியில் வெள்ளையாக ஒரு பீங்கான் குமிழ். நாற்பதாயிரம் வோல்ட் கம்பி உள்ளே இறங்குகிற இடம் அது. அது மட்டும் மொட்டையாக நின்றது, பார்க்கப் பாவமாக இருந்தது. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை நாலு விரலால் வழித்து, மேலிருந்து கீழ் வரை பூசிவிட்டேன்.

ஈரச் சந்தனத்தின் மேல் மின்சாரம் நடந்து போகும். முப்பது வருஷமாக நான் பிறருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

சுகந்தி மணி அடித்தாள். கற்பூரம் காட்டினேன். "ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டுங்க, நல்ல நேரம் முடியப் போகுது" என்றாள். சுவிட்சைப் போட்டேன். பீங்கானின் மேல் நீலமாக ஒரு கோடு நெளிந்து இறங்கியது. தகரக் கூரையில் பாறை விழுந்த மாதிரி சத்தம். அடுத்து தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தன் பங்குக்கு ஒருமுறை வெடித்துவிட்டு ஓய்ந்தது. அறை முழுக்கக் கருகிய சந்தன வாசனை.

"ஏங்க, சாமி ஏத்துக்குச்சுங்களா?" என்றாள் சுகந்தி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் 'வீட்டுக்கொரு சூரியன்' என்று சொல்லி, பொழுதுபோக்கு உலைகளுக்கு அரசு அனுமதி கொடுத்தது. அதுவரை மீன் தொட்டி வைத்திருந்தவன், மாடியில் காளான் வளர்த்தவன் எல்லாம் ஒரே ராத்திரியில் விஞ்ஞானி ஆனார்கள். நானும் ஆனேன். ஏ.சி. மெக்கானிக்கிடமிருந்து காற்றை உறிஞ்சும் பம்ப் வந்தது. கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இரண்டு எஃகுக் கிண்ணங்களைக் கவிழ்த்து ஒட்டி உருண்டை பிடித்தேன். உள்ளே தொங்குகிற கம்பிக் கூண்டு எட்டாவது தடவைதான் வட்டமாக வந்தது. பிறகு நாலு மாசம், உருண்டையில் எந்த மூலையில் காற்று கசிகிறது என்று தேடினேன். கல்யாணத்துக்குப் பெண் தேடினபோதுகூட நான் இவ்வளவு பாடுபடவில்லை என்று சுகந்தி அக்கம்பக்கத்தில் சொன்னாளாம்.

"இதுல என்னதாங்க பண்ணுவீங்க?" என்று ஆரம்பத்திலேயே கேட்டாள்.

"சூரியனுக்குள்ள நடக்கறதை இங்க நடத்துவேன். ரெண்டு கன ஹைட்ரஜன் அணு வேகமா மோதி ஒண்ணா ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கிட்டா?"

"கதிர் கிளம்பும். உள்ள ஊதாக் கலர்ல பூ மாதிரி வெளிச்சம் தெரியும்."

"கரண்டு வருமா?"

"வராது. போகும்."

"ஒரு டம்ளர் காப்பியாவது சூடாகுமா?"

"ஆகாது."

"அப்ப இது சூரியன் இல்லீங்க. சீரியல் லைட்டு" என்றாள்.

ஆனால் ஜூன் மாசம் ஒரு சாயங்காலம் அந்த ஊதாப் பூ முதல் தடவை பூத்தபோது, இரண்டு பேரும் அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றோம். அதன் பிறகு தினமும் மாலை ஒரு மணி நேரம் ஓட்டினேன். ஓட்டுகிற ஆளுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது விதி. என் நாற்காலிக்கும் உலைக்கும் நடுவில் கதவு அகலத்துக்கு ஈயத் தகடு நிறுத்தினேன். நாற்காலிக்குப் பக்கத்தில் கதிர் அளக்கிற மீட்டர் மாட்டியிருந்தேன். அது எப்போதும் சைபர் காட்டும். வந்தவர்களிடமெல்லாம் அந்த சைபரை, பேரன் மார்க்கைக் காட்டுகிற தாத்தா மாதிரி காட்டினேன்.

சந்தன விபத்துக்குப் பிறகு உலை அனுமதிப் பிரிவிலிருந்து இன்ஸ்பெக்டர் தாமோதரன் வந்தார். கருகிய பீங்கானை முகர்ந்து பார்த்தார். ஜூனில் சான்றிதழ் கொடுக்க வந்து அளந்த மாதிரியே, என் நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டு வந்த மீட்டரை மடியில் வைத்துப் பார்த்தார். 'விபத்துக்குக் காரணம்: சந்தனம். கதிர்க் கசிவு: சைபர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொரி கடலை கொடுத்தோம். வாங்கிக்கொண்டு போனார். பீங்கான் உடைந்திருந்ததால் உலை அன்றிலிருந்து ஓடவில்லை.

இரண்டு வாரம் கழித்து, சுகந்தி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "பக்கத்து வீட்டு ஜெசிந்தாவை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களாமுங்க."

எங்களுடையது ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக நாலு வீடு. என் பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா வீட்டுப் படுக்கையறை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண். புருஷன் எட்வின் லாரியில் வடக்கே போய் வருகிறவன், மாசத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஏப்ரலில் பெண் குழந்தை பிறந்து, பிரசவ லீவில் இருந்தாள்.

"லீவுல இருக்கறவளை எதுக்கு சஸ்பெண்ட் பண்றாங்க?"

"எக்ஸ்ரே எடுக்கறவங்க சட்டையில ஒரு அட்டை குத்திப்பாங்களாம். கதிர் பட்டா அது தனக்குள்ள பதிஞ்சு வெச்சுக்குமாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆய்வகத்துக்கு அனுப்பிப் படிப்பாங்களாம். இவ லீவுல போறப்ப அட்டையைத் திருப்பிக் கொடுக்காம வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டா. போன மாசம் எல்லாருதையும் வாங்கி அனுப்பறப்பதான் கொடுத்திருக்கா. இப்பப் படிச்சுப் பாத்தா, ஒரு வருஷத்துக்கு அனுமதிச்சதுல பாதி அதுல ஏறியிருக்குதாம். வீட்டுல இருந்தவ அட்டையில எப்படி ஏறும்? வேணும்னே எக்ஸ்ரேக்கு முன்னால வெச்சிருக்கா, மெஷின் வேலையிலிருந்து தப்பிச்சு மேஜை வேலை வாங்கப் பாக்கறான்னு சொல்றாங்க. வியாழக்கிழமை விசாரணை. லைசென்ஸே போயிருமாம்."

"அட்டையை வீட்டுல எங்க வெச்சிருந்தாளாம்?"

"பெட்ரூம்ல. ஆணியில."

சுகந்தி கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பின்னறைக்குப் போய் உலையைப் பார்த்தேன். ஈயத் தகடு என் நாற்காலிக்குக் குடை பிடித்த மாதிரி நின்றது. சுவர்ப் பக்கம் ஒன்றும் இல்லை. சுவரைத் தட்டினேன். நாலரை இஞ்ச், உள்ளே கூடான ஹாலோ பிளாக் கல். அந்தப் பக்கம் ஜெசிந்தா தும்மினால் இந்தப் பக்கம் சுகந்தி "நூறு வயசு" என்று சொல்கிற சுவர்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசாரணை அதிகாரி டாக்டர் ஞானசுந்தரம் என்னை உட்காரச் சொன்னார்.

"டாக்டர், குற்றவாளி நாந்தாங்க" என்றேன். இப்படி ஓர் ஆரம்பத்துக்கு அப்புறம் எதிராளி கொஞ்சமாவது அதிர்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நான் உலையைப் பற்றிச் சொன்னேன். ஆயுத பூஜை வெடிப்பில்தான் கதிர் கொட்டியிருக்க வேண்டும், அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள் என்றேன்.

"ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்னாலேயே அட்டையெல்லாம் ஆய்வகத்துக்குப் போயாச்சுங்களே" என்றார்.

அப்படியானால் வெடிப்பு இல்லை. தினமும் சாயங்காலம், மீட்டரில் சைபரைப் பார்த்துக்கொண்டு, நான் நன்றாக ஓட்டின ஓட்டம்தான்.

"அப்ப தினசரி ஓட்டத்துலதாங்க ஏறியிருக்கு. எழுதிக்குங்க."

"சான்றிதழ் வாங்கின உலைதானே?"

"ஆமாங்க."

"அப்ப அது கசியாது."

"கசிஞ்சிருக்குதுங்களே! அட்டையில பதிஞ்சிருக்குதே!"

"பாருங்க, சார். நீங்க சொல்றதை நான் எழுதினா, அரசாங்கச் சான்றிதழ் தப்புன்னு எங்க ஆஸ்பத்திரி சொன்ன மாதிரி ஆகும். எங்களுக்கு எதுக்கு அது? 'அட்டையை மறந்து எக்ஸ்ரே ரூம்லயே விட்டுட்டேன்'னு ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லி அந்தப் பொண்ணுகிட்ட நானே சொல்லிட்டேன். ஒரு எச்சரிக்கையோட முடிச்சுருவேன். எழுத மாட்டேங்குது. வீட்டுல எதுக்கும்மா மாட்டுனேன்னு கேட்டா, அதுக்கும் பதில் இல்லை. நீங்க நல்லவரா இருந்தா அதுகிட்டச் சொல்லி எழுத வைங்க."

அதாவது, பொய் எழுதினால் வேலை உண்டு. உண்மை சொல்ல வந்தவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் தாமோதரனிடம் போனேன்.

"வாங்க பூபதி சார்! மறுபடியும் சந்தனமா?"

"இல்லீங்க. வாக்குமூலம். என் உலை கசியுது."

"சான்றிதழ்ல என்ன போட்டிருக்கு?"

"சைபர். நீங்க போட்டது."

"அப்புறம் என்னங்க?"

"நீங்க என் நாற்காலியில உக்காந்து அளந்தீங்க. நடுவுல ஈயம் நிக்குது. சுவத்துக்கு அந்தப் பக்கம் அளந்து பாருங்க."

"இயக்குபவர் இருக்கும் இடத்தில் அளக்கணும். அதுதான் விதி. அந்தப் பக்கம் யாராவது இயக்கறாங்களா?"

"இயக்கலீங்க. வாழறாங்க."

"அதுக்கு விதி இல்லைங்களே."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சாக்கடைத் தண்ணீர் ஒரு முழம் பக்கத்து வாசலில் ஏறினால் இந்த ஊரில் போலீஸ் கேஸ் ஆகும். மாமரக் கிளை காம்பவுண்டைத் தாண்டினால் வக்கீல் நோட்டீஸ் வரும். சுவருக்குள் புகுந்து ஒருத்தியின் படுக்கையறைக்குள் போகிற கதிருக்கு நிறமில்லை, வாசனையில்லை, அதனால் விதியும் இல்லையா? சத்தம் போட்டே கேட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசுங்க" என்றார் தாமோதரன். "மாநிலத்துல எத்தனை வீட்டு உலைக்கு அனுமதி கொடுத்திருக்கோம், தெரியுமுங்களா?"

"தெரியாது."

"எல்லா நாற்காலிக்கும் ஈயம் இருக்குங்க."

"நான் சுவரைக் கேட்டேன்."

"டீ சாப்பிடறீங்களா?"

"கசியுதா, கசியலையா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"கசிவு இருக்கலாம்னு கருத இடமில்லைன்னு சொல்றதுக்கு இப்போதைக்கு ஆதாரம் இல்லை" என்றார். பஸ்ஸில் வரும்போது அந்த வாக்கியத்தை நாலு தடவை பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

கடைசி நம்பிக்கையாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். இருநூற்றுச் சொச்சம் உலைக்காரர்கள் இருக்கிற குழு. 'நண்பர்களே, பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் ஈயம் வைத்தவர்கள் எத்தனை பேர்?' முதல் பதில் ஒரு ரோஜாப்பூ, காலை வணக்கம். இரண்டாவது பதில், கட்டை விரல். எதற்குக் கட்டை விரல் என்று புரியவில்லை. மூன்றாவது ஆள், 'அண்ணா, என் பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதர், கேட்கவே மாட்டார்' என்று எழுதினார். நாலாவதாக, 'குழுவில் எதிர்மறைக் கருத்து வேண்டாம்.' மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பார்த்தேன், என்னைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

"ஊரையே திட்டறீங்களே" என்றாள் சுகந்தி, ரசம் ஊற்றிக்கொண்டே. "அந்தப் புள்ளைகிட்டப் போய் ஒரு வார்த்தை பேசினீங்களா?"

பேசவில்லை. மூன்று நாளாக நான் ஏறாத படி அது ஒன்றுதான்.

புதன்கிழமை சாயங்காலம் போனேன். கையில் ஒரு காகிதம் எடுத்துப் போனேன். அதற்கு முந்தின ஒரு மணி நேரம் முழுக்க உட்கார்ந்து எழுதியது.

"வாங்ணா" என்றாள் ஜெசிந்தா. முகத்தில் கோபம் இல்லை, தூக்கம்தான் பாக்கி இருந்தது. "சமையக்கட்டுலயே உக்காருங்ணா. பாப்பா இங்கதான் தூங்குது, விட்டுட்டு வர முடியாது."

சமையல்கட்டில் உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில் தொங்கியது. அடுப்புக்கும் தொட்டிலுக்கும் நடுவில் ஒரு பாய். அதன் மேல் தலையணை. காஸ் சிலிண்டரை வெளியே வராந்தாவில் வைத்து, குழாயை ஜன்னல் வழியாக இழுத்திருந்தாள்.

"ஏம்மா இங்க தொட்டில் கட்டியிருக்கே? உள்ள ரூம் இருக்குதே."

அவள் தேங்காய்ச் சில்லை எடுத்துத் துருவ ஆரம்பித்தாள்.

"இங்க பாரு" என்று காகிதத்தை நீட்டினேன். "நாளைக்கு இதைக் கொடுக்கப் போறேன். 'பக்கத்து வீட்டில் ஆணியில் தொங்கிய அட்டையை, ஆராய்ச்சிக்காக நானே சொல்லாமல் எடுத்து வந்து என் உலைமேல் வைத்துவிட்டு, திருப்பி மாட்டிவிட்டேன். இப்படிக்கு, பூபதி.' திருட்டுப் பட்டம் எனக்கு. உனக்கு ஒண்ணும் ஆகாது. என் மூஞ்சியைப் பாத்தா நம்புவாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தொட்டிலைப் பார்த்தாள்.

"வேண்டாங்ணா. அப்படி எழுதினா, உலைமேல வெச்சதால ஏறுச்சுன்னு ஆயிரும். சுவத்துக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே வரலைன்னு ஆயிரும். அவங்களுக்கு அதுதான் வேணும்."

"அப்ப டாக்டர் சொன்ன மாதிரி மறந்துட்டேன்னு எழுதிக் கொடு."

"மறக்கலீங்ணா. வேணும்னுதான் மாட்டினேன். நாளைக்கு அதைத்தான் சொல்லப் போறேன்."

"சொன்னா லைசென்ஸ் போயிரும்!"

"போகுமுங்க. அட்டையை வேற காரியத்துக்கு வெச்சா அதான் விதி. ஒன்பது வருஷம் வேலை பாத்திருக்கேன், தெரியாதுங்களா?" துருவியதை ஒரு தட்டில் தட்டினாள். "ஆனா அந்த அட்டை ஒண்ணுதாங்ணா இந்தப் பக்கம் என்ன வருதுன்னு எழுதி வெச்சிருக்கு. எல்லாரும் உங்க பக்கத்துல அளந்ததைத்தான் எழுதியிருக்காங்க. அதை நான் பொய்யாக்கிட்டா அப்புறம் யார்கிட்டயும் ஒரு நம்பர்கூட இருக்காது."

"எந்த ஆணி? கட்டில்கிட்டயா?"

"ஆணியெல்லாம் இல்லீங்ணா. அவங்ககிட்ட ஆணின்னு சொல்லி வெச்சேன். நீங்க ஜூன்ல ஓட்ட ஆரம்பிச்சப்ப, பாப்பா தொட்டில் அந்தச் சுவத்தை ஒட்டித்தான் தொங்குச்சு. நாப்பது நாள். தினமும் ஆறு மணிக்குச் சுவத்துல ஒரு ரீங்காரம் கேக்கும், பாப்பா அதைக் கேட்டுட்டே தூங்கும். ஒருநாள் எனக்கு எங்க எக்ஸ்ரே ரூம் ஞாபகம் வந்துருச்சு. அன்னைக்கே தொட்டிலை இங்க மாத்திட்டேன். அது தொங்கின கயித்துல, பாப்பா தலை இருந்த உயரத்துல, அட்டையைக் கட்டினேன். நாப்பது நாள்ல பாப்பாவுக்கு எவ்வளவு பட்டுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"எவ்வளவு?"

"கணக்குப் போட்டேன். ஒரு சி.டி. ஸ்கேன்ல பாதி இருக்குமுங்க. டாக்டரைக் கேட்டேன், கம்மிதான், பயப்படாதேன்னாரு. நானும் தினமும் எத்தனையோ பேருகிட்டக் கம்மிதான்னு சொல்லிப் படுக்க வெச்சிருக்கேன். ஆனா அவங்களுக்கு அது தேவைப்பட்டுச்சு. பாப்பாவுக்கு எதுக்குங்ணா?"

தொட்டில் மெல்ல அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் கால் சேலையை உதைத்தது. அவள் எட்டி ஆட்டிவிட்டாள்.

மூன்று மாசமாக இந்தப் பெண் அடுப்படியில் படுத்திருக்கிறாள். நாளைக்கு வேலையையும் விடப்போகிறாள். எனக்கு வந்த வருத்தத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. இவ்வளவு நாள் ஊரைத் திட்டிப் பழகிய வாய், அது பாட்டுக்கு அவள் மேலேயே பாய்ந்துவிட்டது.

"ஏம்மா, இப்படியா பண்ணுவே? நடுவுல இருக்கறது நாலரை இஞ்ச் சுவரு. தட்டினா ஓடி வந்திருக்க மாட்டேனா? அட்டை, ஆய்வகம், விசாரணைன்னு இவ்வளவு எதுக்கு? நேரா என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

ஜெசிந்தா துருவியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"மூணு தடவை கேட்டேங்ணா. தண்ணி லாரி வந்தன்னைக்குக் கேட்டேன், அந்தக் கதிர் எங்க பக்கம் வருமாங்ணான்னு. 'வந்தா வாடகை கேளும்மா'ன்னீங்க. அடுத்த வாரம் மாடியில துணி எடுக்கறப்பக் கேட்டேன். 'மேல இருக்கற பெரிய சூரியனுக்குக் குடை பிடிச்சுட்டா அலையறோம்?'னீங்க. மூணாவது தடவை பாப்பாவைத் தூக்கிட்டே உங்க வாசலுக்கு வந்து கேட்டேன். பாப்பா கன்னத்தைக் கிள்ளி, 'சூரியனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, சும்மாவா?'ன்னு சிரிச்சீங்க. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. வீட்டுக்கு வந்தப்புறந்தான் நீங்க பதிலே சொல்லலைங்கறது உறைச்சுது. அந்த அட்டைக்குச் சிரிக்கத் தெரியாதுங்ணா. அதான் கட்டினேன்."